ஆடிக்குப் பட்டம், கார்த்திகைக்கு மாவளி: அப்பாக்களும் பிள்ளைகளும் கையால் செய்ய

கேட்டவர் மதுரைப் பக்கத்துக்காரர். ஏழு வயதில் மகள், பதினொரு வயதில் மகன். விடுமுறை நாட்களில் கைபேசியை ஓரம்கட்டிவிட்டு வெளியில் பிள்ளைகளோடு எதையாவது செய்ய வேண்டும் என்கிறார். மே மாதத்தில் கடைப் பட்டம் ஒன்று வாங்கி, மைதானம் முழுக்க ஓடியும் அது எழவில்லையாம். பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது, வேறு என்ன செய்யலாம் என்பது கேள்வி.

வேறு எதுவும் தேட வேண்டாம், அதே பட்டத்தையே செய்யலாம். மாதத்தை மட்டும் மாற்றுங்கள். உள்மாவட்டங்களில் மே மாதக் காற்றுக்கு ஒரு திசை கிடையாது. தரை சூடேறச் சூடேறச் சுழன்று கிளம்பும், அடுத்த நிமிடம் நின்றுவிடும். ஆனிக் கடைசியிலிருந்து ஆவணி வரை கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக ஒரே திசையில் மணிக்கணக்கில் வீசும். காற்றாலைகளை அந்த வழியில் வரிசையாக நட்டிருப்பதும் அதனால்தான். வெளியில் செய்யும் எந்த வேலைக்கும் இதுதான் கணக்கு: பருவத்தைச் சரியாகப் பிடித்தால் பாதி வேலையை அது செய்து கொடுத்துவிடும். மீதிப் பாதியில் கத்தியும் நெருப்பும் அப்பாவுக்கு, மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு.

முதலில் பட்டம். செய்தித்தாளின் நடுத்தாளை விரித்தால் ஏறக்குறைய 68 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரம் வரும். அதற்குள் அடங்குகிற மாதிரி 60 செ.மீ. நெடுங்குச்சி, 50 செ.மீ. குறுக்குக்குச்சி போதும். மூங்கிலைப் பிளந்து 4 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனத்துக்குச் சீவிக்கொள்ளுங்கள். மூங்கில் கிடைக்காவிட்டால் தென்னை விளக்குமாற்று ஈர்க்கு. ஆனால் ஈர்க்கு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கும். ஒற்றை ஈர்க்கைக் குறுக்கே வைத்தால் பட்டம் ஒரு பக்கமாகவே சாயும். இரண்டு ஈர்க்குகளைத் தலைமாற்றி, ஒன்றின் தடித்த முனையோடு மற்றதன் மெலிந்த முனை சேரும்படி வைத்து நான்கு இடத்தில் நூலால் கட்டுங்கள்.

குறுக்குக்குச்சியின் நடுவைக் கத்தி முதுகில் வைத்து நிறுத்திப் பார்க்கிற வேலையைப் பெரிய பிள்ளையிடம் கொடுங்கள். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சீவ வேண்டும். நெடுங்குச்சியில் மேல்முனையிலிருந்து 15 செ.மீ. கீழே, பெருக்கல் குறி போல நூல் சுற்றி இரண்டையும் இறுக்குங்கள். பிறகு நான்கு முனைகளிலும் சிறிய வெட்டு வைத்து, சுற்றிலும் நூல் ஓட்ட வேண்டும். இந்த இடத்தில் அளவுகோல் கட்டாயம். மேல்முனையிலிருந்து இடது, வலது முனைகள் வரை இரண்டு பக்கமும் 29 செ.மீ. இருக்க வேண்டும், கீழ்முனையிலிருந்து இரண்டு பக்கமும் 51.5 செ.மீ. அரை செ.மீ. வித்தியாசம்வரை பொறுக்கும். ஒரு செ.மீ. தாண்டினால் பட்டம் மேலே போய்ச் சுற்றத் தொடங்கும்.

பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து, கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சுங்கள். குழைந்த சோற்றுப் பருக்கையும் ஆகும். பசை நீர்த்திருந்தால் தாள் ஊறி, காயும்போது சுருங்கி, குச்சியை வளைத்துவிடும். சட்டத்தைத் தாள்மீது வைத்து, சுற்றிலும் 2 செ.மீ. விட்டு வெட்டி, நூலின் மேல் மடித்து ஒட்டுங்கள். காய்ந்த பின் எல்லாம் சேர்த்து 20 கிராமைத் தாண்டாது. தாண்டினால் பசை அதிகம் அல்லது குச்சி தடிமன்.

அடுத்தது சூத்திரம், பட்டத்தையும் பறக்கவிடும் நூலையும் இணைக்கும் நூல்கட்டு. அதைப் போடுவதில்தான் பெரும்பாலான அப்பாக்கள் கோட்டை விடுகிறார்கள். ஒரு முழ நூலை நெடுங்குச்சியின் இரண்டு முனையிலும் கட்டி, நடுவில் பிடித்து, எழும் என்று நம்பிவிடுகிறார்கள். அப்படியில்லை. சூத்திர நூலுக்கு இரண்டு கால்கள்: மேல் கால் குச்சிகள் சந்திக்கும் இடத்தில், கீழ் கால் அடிமுனையிலிருந்து 15 செ.மீ. மேலே. தாளில் சிறு துளை போட்டு, குச்சியைச் சுற்றி முடிச்சிட வேண்டும். முடிச்சு முதுகுப் பக்கம், நூல் முகப்புப் பக்கம். மேல் கால் 30 செ.மீ., கீழ் கால் 42 செ.மீ. இருக்கும் இடத்தில் ஒரு சுருக்கு. பறக்கவிடும் நூலை அந்தச் சுருக்கில் கட்டுங்கள். இந்த அளவில் மேல் கால் குச்சிக்கு நேர் செங்குத்தாக நிற்கும். தொடங்குவதற்கு அதுவே சரியான இடம். பிறகு மைதானத்தில் அரை அரை செ.மீ. ஆக நகர்த்திப் பார்க்கலாம்.

வால் 4 மீட்டர். பழைய வேட்டியை 3 செ.மீ. அகலத்துக்குக் கிழித்து முடிந்துகொள்ளுங்கள். அழகுக்காக அல்ல, தட்டைப் பட்டத்தை நிமிர்த்திப் பிடிப்பது வால்தான். குட்டை வால் இருந்தால் குட்டிக்கரணம் போடும்.

ஓடாதீர்கள். ஓடினால்தான் எழுகிறது என்றால் காற்று போதாது, வீட்டுக்குப் போகலாம். இலைகளும் சிறு கொம்புகளும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தால் மணிக்கு 12 முதல் 19 கி.மீ. வேகம், இந்தப் பட்டத்துக்கு ஏற்ற காற்று. தூசியும் காகிதமும் கிளம்பினால் 20ஐத் தாண்டிவிட்டது, வாலை ஒன்றரை மடங்காக்குங்கள். பெரிய கிளைகள் ஆடினால் தாள் கிழியும். மாலை நான்கு மணிக்கு மேல் காற்று ஓரளவு சீராகும். நூலைப் பிடிப்பவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். இன்னொருவர் 20 மீட்டர் தள்ளி, காற்று போகும் திசையில், பட்டத்தின் மூக்கு, அதாவது மேல்முனை, மேலே இருக்கும்படி பிடித்து விட வேண்டும். அந்த நொடியில் நூலை இரண்டு கை வாங்கினால் ஏறிவிடும். சின்னவள் பட்டத்தை விடட்டும், பெரியவன் நூலைப் பிடிக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளட்டும்.

எழாவிட்டால் காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். வால் தரையை நோக்கி அமர்ந்து, மூக்கை நிமிர்த்திக்கொண்டு பின்னால் வந்து விழுந்தால் சுருக்கு மிகக் கீழே இருக்கிறது, மேலே நகர்த்துங்கள். படபடவென்று அடித்துக்கொண்டு, இழுவையே இல்லாமல் மிதந்தால் சுருக்கு மிக மேலே. எப்போதும் இடப்பக்கமே சாய்ந்தால் இடது பக்கம் கனம். வலது முனையில் இரண்டு விரல் நீளத்துக்குத் துணித்துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் சரியாகும். இந்தக் கோளாறு பார்க்கும் அரைமணி நேரம்தான் பட்டம் செய்வதிலேயே நல்ல பகுதி. அப்பா பிடுங்கிச் சரிசெய்துவிட்டால் அது போயிற்று.

நூல் சாதாரணப் பருத்தி நூல். தையல் நூலானால் இரண்டு இழையாக முறுக்கிக்கொள்ளுங்கள். மாஞ்சா பக்கமே போக வேண்டாம். கண்ணாடித்தூள் பூசியதையும் நைலான் மாஞ்சாவையும் 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடைசெய்துவிட்டது. இருசக்கர வாகனத்தில் போகிறவரின் கழுத்தை அறுக்கும் பொருள் அது. மின்கம்பியில் பட்டம் சிக்கினால் நூலை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும், இழுக்கவே கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடியும் வேண்டாம். வானத்தைப் பார்த்தபடி பின்னால் நடப்பவருக்கு விளிம்பு தெரியாது.

ஆடியில் பட்டம் விடுவது தமிழ்நாட்டுக் கணக்கு. யாழ்ப்பாணத்தில் இது மார்கழி, தை வேலை. அங்கே வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றில் பறக்கும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டி பேர்போனது. சூத்திரத்தை அங்கே முச்சை என்பார்கள். பட்டத்தின் தலையில் வில் போல ஒன்றைக் கட்டி, அதில் நார் இழுத்து, காற்றில் ரீங்காரமிடச் செய்வார்கள், அதற்கு விண் என்று பெயர். முதல் பட்டம் பறந்த பிறகு அடுத்த ஆண்டு முயலலாம்.

அதே ஆடியில் ஒரு விதையும் போட்டுவிடுங்கள். கொடி அவரை நல்லது, காரணம் இருக்கிறது. நாட்டுக் கொடி அவரை பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர். ஆடியில் ஊன்றினால் ஐப்பசிக்குள் பந்தல் மூடி, பகல் குறுகும் பனிக்காலத்தில் பூத்துக் காய்க்கும். தை முடிந்து ஊன்றினால் இலையாகவே ஓடும். பிள்ளைகளுக்கு ஆர்வம் இருந்தால் சித்திரையில் இரண்டு விதை, ஆடியில் இரண்டு விதை ஊன்றி, எது முதலில் பூக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து சிமெண்டுச் சாக்கை நிரப்பி, 2 செ.மீ. ஆழத்தில் மூன்று விதை. முளைத்ததில் தெம்பானது ஒன்றை மட்டும் விடுங்கள். பிடுங்குவதற்குப் பிள்ளைகளுக்கு மனம் வராது. மூன்றையும் விட்டால் மூன்றும் நோஞ்சானாகும்.

ஐப்பசி பிறந்தால் மழை அளக்கலாம். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், பக்கங்கள் நேராக இருப்பது, ஒன்று எடுங்கள். கழுத்துச் சரிவு முடிந்து நேராகும் இடத்தில் அறுத்து, அந்த மேல்பகுதியைத் தலைகீழாக உள்ளே புனல் போலச் செருகுங்கள். அடி குழிந்து மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, தண்ணீரை நேரான பகுதிவரை ஊற்றி, அங்கே சுழியக் கோடு வரையுங்கள். அந்தக் கோட்டிலிருந்து மேலே மில்லிமீட்டர் அளவு ஒட்டினால் மழைமானி தயார். வாயும் உடலும் ஒரே அகலம் என்பதால் ஏறிய உயரமே மழையளவு. காற்றில் சாயாமல் இருக்க ஒரு வாளி மணலில் புதைத்து, மொட்டைமாடியின் நடுவில் வையுங்கள். சுவரோரம் வைத்தால் ஒரு பக்க மழை விழாது, தாழ்வாரம் அருகே வைத்தால் சொட்டுகிற நீரும் சேர்ந்துவிடும்.

வானிலைத் துறை காலை 8.30க்குத்தான் அன்றன்றைய மழையைக் கணக்கிடும். நீங்களும் அதே நேரத்தில் பார்த்துக் குறித்தால் மறுநாள் செய்தித்தாளில் வரும் உங்கள் ஊர் அளவோடு ஒப்பிடலாம். 64.5 மி.மீ. தொட்டால் அவர்கள் பாஷையில் கனமழை, 115.6 ஆனால் மிகக் கனமழை, 204.5 ஆனால் அதி கனமழை. உங்கள் அளவும் செய்தித்தாள் அளவும் ஒத்துப்போகாது, அதில் தவறும் இல்லை. ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாத மழை நமக்குப் புதிதல்லவே. பெரியவனுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 50 சதுர மீட்டர் மாடியில் 64.5 மி.மீ. பெய்தால் 3,225 லிட்டர். தமிழ்நாட்டில் 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது ஏன் என்று விளக்க வேறு பாடம் வேண்டாம். மழைநீர்க் குழாய் தொட்டிக்குள் சரியாக இறங்குகிறதா என்று கையோடு பார்த்தும் விடலாம்.

இனி கார்த்திகை. பனம்பூக் கரித்தூளைத் துணியில் சுருட்டி, கயிற்றில் கட்டிப் பற்றவைத்து, பொறி பறக்கச் சுற்றுவதுதான் மாவளி. அதைச் சுற்றுவது நகரத்தில் ஏறக்குறைய மறந்துபோன வேலை. பட்டாசுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. மூலப்பொருள் ஆண் பனையின் பூ. விரல் தடிமனில் நீளமாக இருக்கும் அந்தப் பூக்காம்புகள் கோடையில் காய்ந்து மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். அப்போதே ஒரு சாக்கு பொறுக்கி, மழை படாமல் பரணில் வைத்துவிட வேண்டும். கார்த்திகையில் தேடினால் நனைந்து மக்கியதுதான் கிடைக்கும்.

தீபத்துக்கு ஒரு வாரம் முன்பு, முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, பூவைப் போட்டுக் கொளுத்துங்கள். எல்லாம் பற்றிச் சிவந்ததும், சாம்பலாவதற்குள், ஈரமில்லாத மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். இந்த நேரம் தப்பினால் எல்லாம் போச்சு. சீக்கிரம் மூடினால் நடுவில் வேகாத பூ நிற்கும், தாமதித்தால் கரிக்குப் பதில் சாம்பல். மறுநாள் தோண்டி எடுத்து, கையால் தொட்டுச் சூடில்லை என்று உறுதிசெய்த பிறகு, அம்மியிலோ உரலிலோ மையாக இடித்துச் சலியுங்கள். கையெல்லாம் கரியாகும் இந்த வேலை சின்னவர்களுக்கு ஏகக் கொண்டாட்டம். மூக்கில் ஏறாமல் இருக்க வாயையும் மூக்கையும் துணியால் கட்டிவிடுங்கள். கால் கிலோ தூளுக்கு ஒரு தேக்கரண்டி உப்புத்தூள் சேர்ப்பது பல ஊர்களில் வழக்கம், பொறி படபடவென்று வெடிக்கும்.

பழைய பருத்தி வேட்டியில் ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு துண்டு. பாலியஸ்டர் கலந்தது ஆகாது, உருகிச் சொட்டும். தூளை நீளவாக்கில் கொட்டி, பெருவிரல் தடிமனுக்கு இறுக்கிச் சுருட்டி, இரண்டு விரல் இடைவெளியில் நூலால் கட்டிக்கொண்டே போங்கள். தளர்வாகச் சுருட்டினால் முதல் சுற்றிலேயே தூள் முழுவதும் கொட்டிவிடும். கல்லாக இறுக்கினால் காற்று புகாமல் அணையும். விரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போக வேண்டும், அதுதான் பதம். பச்சைப் பனைமட்டையை ஒன்றரை அடிக்கு வெட்டி, மூன்றாகப் பிளந்து, நடுவில் சுருளை வைத்து, மேலும் கீழும் பச்சை நாரால் கட்டுங்கள். மட்டை பச்சையாக இருந்தால்தான் தீப்பிடிக்காது. அதன் அடியில் மூன்று அடித் தென்னங்கயிறு. நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், சூட்டில் அறுந்தால் நெருப்பு யார்மேல் போய் விழும் என்று சொல்ல முடியாது. கயிற்றின் முதல் ஒரு அடியைத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

சுருளின் தலையில் ஒரு நெருப்புத் துண்டை வைத்து, துணி பற்றிக் கரி சிவந்ததும், முதலில் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். வீசும்போது காற்று பட்டுக் கரி கனன்று, தூள் பொறியாக வெளியே பறக்கும். வேகம் கூடியதும் தலைக்கு மேலோ பக்கவாட்டிலோ சுற்றலாம், பொன்வட்டம் தெரியும். சிவப்புத் துண்டுகள் பொத்பொத்தென்று விழுந்தால் சலிப்பு போதவில்லை, நிறுத்திவிடுங்கள். பொறியே வராமல் புகை மட்டும் வந்தால் தூளில் ஈரம். மீதிச் சுருள்களை அடுத்த நாள் வெயிலில் காயவைத்துப் பாருங்கள்.

இடம் வெட்டவெளி. வைக்கோல்போர், கூரை, காய்ந்த புல் எதுவும் அருகில் கூடாது. சுற்றுபவரிடமிருந்து மற்றவர்கள் குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எல்லோருக்கும் பருத்தி உடை, காலில் செருப்பு, தலைமுடி கட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பதினொரு வயதுப் பையன் முதலில் நெருப்பில்லாத வெறும் மட்டையைச் சுற்றிப் பழகட்டும். கை சீராக வந்த பிறகு, அப்பா பக்கத்தில் நிற்க, உண்மையானதைக் கொடுங்கள். ஏழு வயதுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அவள் இடித்த கரி, அவள் கட்டிய சுருள், அப்பா சுற்றுவார். முடிந்ததும் சுருளை வாளியில் முக்கிவிடுங்கள். வெளியே கறுத்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

தை முதல் பங்குனிவரை செய்வதைவிடப் பார்ப்பதற்கே அதிகம். சென்னைப் பக்கம் வந்தால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை மாணவர்கள் நடத்தும் இரவு ஆமை நடைக்குப் பெரியவனைக் கூட்டிப் போகலாம். முட்டையிட வரும் ஆமைக்குப் பங்குனி ஆமை என்றே பெயர். ஏழு கிலோமீட்டர் மணலில் நடை, நள்ளிரவைத் தாண்டும், சின்னவளுக்கு ஒத்துவராது. விளக்கு அடிக்கக் கூடாது, கடலுக்குப் போக வேண்டிய ஆமை வெளிச்சத்தைப் பார்த்துத் திசைமாறும்.

சித்திரை வாக்கில் நிழலில்லா நாள் ஒன்று உண்டு, நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 வாக்கில், சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில். மதுரை நடுவில் இருப்பதால் ஏப்ரல் நடுவில் வரும். தனியாகக் கருவி எதையும் தேட வேண்டாம், ஒரு பவுடர் டப்பாவைச் சமதரையில் நிறுத்தி, பன்னிரண்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்தாலே போதும். நிழல் காணாமல் போகும் நேரம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வராது. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக் கணக்கில் ஓடுகிறது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். சென்னையில் ஏழெட்டு நிமிடம் தாமதம், மதுரையில் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அதே மாதத்தில் நுங்கும் வந்துவிடும், நுங்கு வண்டிக்கு இரண்டு கூந்தல், அதாவது நுங்கு எடுத்த வெறுங்காய், எடுத்துவையுங்கள். ஒரே பருமனானவையாகப் பாருங்கள், ஒன்று சிறிதானால் வண்டி வட்டம் போடும். சீவிய முகம் வெளிப்பக்கம் இருக்கட்டும். அடிப்பக்கத்தின் நடுவில் முதலில் ஓர் ஆணியால் துளையிட்டு, கூராக்கிய ஒரு அடிக் குச்சியை இரண்டிலும் இறுக்கிச் செருகுங்கள். துளை நடுவை விட்டு விலகினால் நொண்டும். தள்ளுவதற்குக் கவட்டையுள்ள வேப்பங்கொம்பு, பிள்ளையின் மார்பு உயரம். கவட்டை அச்சுக்குச்சியின்மேல் தளர்வாக உட்கார வேண்டும், இறுகினால் சக்கரம் சுற்றாமல் இழுபடும். இரண்டு மூன்று நாளில் கூந்தல் காய்ந்து சுருங்கி அச்சு கழலும், அப்போது ஒரு மூங்கில் சிம்பை ஆப்பாக அடித்தால் இன்னும் ஓரிரு நாள் ஓடும். வதங்குவதற்குள் மாட்டுக்குப் போட்டுவிட்டு அடுத்த இரண்டை எடுத்துக்கொள்ளலாம்.